கூட்டாகவும் தனித்தனியாகவும்

செப்டம்பரில் ஒரே பேனாவால் கையெழுத்திட்டோம்,
வெண்டலின் கார் பானெட்டில் தாளை விரித்து.
மை தீர்ந்துகொண்டிருந்தது.
என் பெயரின் கடைசி எழுத்து
வெறும் கீறலாய் விழுந்தது.
பிப்ரவரியில் அந்தக் கீறலைத்தான்
தப்பிக்கும் வழியென்று காட்டினேன்.

புல்கினென் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
முப்பது வருடமாக டுலூத்தில் வீடு வாடகைக்கு விடுபவர்.
"கீறலும் கையெழுத்துதான்" என்றார்.
பதினாலாம் பிரிவை விரலால் தொட்டுப் படித்தார்:
குடியிருப்போர் மூவரும்
கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு.

நான் போனால் என் பங்கு அவர்கள் தலையில்.
அவர்கள் கட்டாவிட்டால்
மூன்று பங்கும் என் தலையில்,
ஃபார்கோவில் இருந்தாலும்
நிலாவில் இருந்தாலும்.

இரண்டு 'உம்' போட்டு
எவ்வளவு சுலபமாகச் சேர்த்துவிட்டார்கள்.
நாங்கள் நவம்பரோடு கூட்டாக வாங்கியது
படிக்கட்டுப் பனிக்குத் தூவும் உப்பு மட்டும்.
பால், முட்டை, டாய்லெட் காகிதம் எல்லாம்
தனித்தனி, முதலெழுத்து போட்டு.
ஹீட்டரை கிளாரிஸ் அறுபத்திரண்டில் வைப்பாள்.
நான் அறுபத்தெட்டுக்கு ஏற்றுவேன்.
யார் கை என்று யாரும் பார்த்ததில்லை.
காலையில் அறுபத்திரண்டாக இருக்கும்.

ஆள் பிடித்துக் கொடு, போ என்றார் புல்கினென்.
பத்திரம் மாற்ற இருநூறு டாலர்.
மற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும்.

ஓடிப்போக நினைக்கும் அறையை
ஒன்பது பேருக்குப் புகழ்ந்து காட்டினேன்.
ஏரி தெரியும், எட்டிப் பார்த்தால்.
வெயில் வரும், இரண்டு மணிக்கு, கொஞ்சம்.
இரும்புத்தாதுக் கப்பலில் சமையல் செய்பவர் ஒருவர்
கட்டிலைத் தட்டிப் பார்த்து
"நீ ஏன் போகிறாய்?" என்றார்.
வேலை மாற்றம் என்றேன்.
அது உண்மைதான். வேலை
நான் தேடிய பிறகு கிடைத்தது.

அப்போது கதவருகே கிளாரிஸ் நின்றிருந்தாள்,
கையில் பல் துலக்கும் பிரஷ்.
"ஜன்னலில் காற்று வரும்.
விடிகாலை நாலு மணிக்குக் குழாய் அடித்துக்கொள்ளும்.
இவள் அதைச் சொல்ல மாட்டாள்."
மூன்று மாதத்தில் என்னைப் பற்றி
அவள் பேசிய முதல் வாக்கியம்.
அந்த ஆள் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை.
நாலு மணிக்கு அவளும் விழித்திருந்தாள்
என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் வந்தவள் மாவிஸ்.
பல் மருத்துவரிடம் உதவியாளர்.
ஜன்னலிடுக்கில் விரலை வைத்துப் பார்த்து
"துணி திணித்தால் போச்சு" என்றாள்.
ஐந்து மாதத்தில் எனக்குத் தோன்றாத துணி.

முன்பணத்தில் என் மூன்றிலொரு பங்கைப்
புல்கினென் தரமாட்டார், அவருக்கு அது ஒரே பணம்.
மாவிஸ்தான் தந்தாள், உறையில்,
கட்டில்மேல் எண்ணி வைத்து.
வெண்டல் கையெழுத்திட்டான். பெட்டி தூக்கினான்.
கிளாரிஸ் சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்திட்டாள்,
ஸ்பூனை இடது கைக்கு மாற்றி.
தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தக்காளி சூப்.

பத்திரத்திலிருந்து போய்விட்டேன்.
கேஸ் கணக்கிலிருந்து போக மறந்துவிட்டேன்.

மார்ச் கடைசியில் ஃபார்கோவுக்கு பில் வந்தது,
என் பெயருக்கு, என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டு.
பிப்ரவரியைவிட நாற்பத்தொரு டாலர் அதிகம்.
அவ்வளவு குளிரான மார்ச் இல்லை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
அறுபத்தெட்டு. குறைந்தது.

கம்பெனிக்கு போன் செய்து பெயரை நீக்க
பத்து நிமிடம் ஆகும் என்கிறார்கள்.
நாளைக்குச் செய்ய வேண்டும்.
நேற்றும் இதையே சொன்னேன்.