அரைத் தாளம்

வெர்லின் டக்கெட் செத்த செய்தியை
வானிலைக்கும் சோயா விலைக்கும் நடுவே
பதினொரு வினாடியில் சொல்லி முடித்தது வானொலி.
பெயர் உச்சரிப்பு தப்பு.
அவன் இருந்திருந்தால்
அதை வைத்தே ஒரு பாட்டுக் கட்டியிருப்பான்.

பதினெட்டு வருடம் அவனுக்குப் பின்னால் நின்று
பேஸ் கிட்டார் வாசித்தவள் நான்.
மேடையில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவன் பிடரி,
சட்டை முதுகில் வியர்வை வரைந்த ஆர்கன்சா வரைபடம்,
அதற்கு அப்பால்
சிரிக்கத் தயாராகும் வாய்கள்.
கடைசிச் சொல்லுக்கு முன்
அரைத் தாளம் நிறுத்துவான்.
என் விரல் கம்பிமேல் காத்திருக்கும்.
சம்பளம் அதற்குத்தான், வாசித்ததற்கு அல்ல.

சிரித்த பாட்டை எவனும் இரண்டாம் தடவை வாங்கமாட்டான்,
அழ வை, என்றான் நாஷ்வில் கம்பெனிக்காரன்.
வெர்லின் முயன்றான்.
விவாகரத்தைப் பற்றி மூன்று சரணம், உருக்கமாக.
நான்காவதில் வக்கீலின் டோப்பா
மின்விசிறியில் மாட்டிக்கொண்டது.
ஒப்பந்தம் அத்தோடு சரி.

பிறகு மெத்தைக்கடைத் திறப்புவிழா, பன்றிக் கண்காட்சி.
டல்சாவில் எங்களைவிட
ஏலத்துக்கு வந்த கடாவுக்குக் கைதட்டல் அதிகம்.

ஊர் அறிந்தது ஒரே பாட்டு.
தவணை கட்டாத டிரக்கை
வங்கிக்காரன் ஓட்டிப்போகிறான்.
பெண்டாட்டி போகும்போதாவது
ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்,
டிரக் பார்க்கவில்லை.

அமரில்லோவுக்கு வெளியே, இரவு இரண்டு மணி.
பெட்ரோல் பங்கில் ஒரு பையன்,
டோபின் என்று சட்டையில் தைத்திருந்தது,
எங்கள் வேனின் இருமலைக் கேட்டுவிட்டு
"எங்க மாமா ஒண்ணு சொல்வாரு" என்று ஆரம்பித்தான்.
டிரக். வங்கி. தவணை.
எல்லாம் மாமாவின் சொந்தச் சரக்காம்.
வெர்லினைப் பார்த்தேன்.
ஜோக் கேட்கும் அவன் முகத்தை
அன்றுதான் முதலில் பார்த்தேன்.
முடிவு மாறியிருந்தது:
"எனக்கு ஒருநாளும் ஒரே சாவியில கிளம்பினதில்ல.
அவனுக்குக்
கிளம்பிடுச்சு."

பம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் வெர்லின்.
தன் பெயரைச் சொல்லவில்லை. மீதிச் சில்லறையும் வாங்கவில்லை.
அறுபது மைல் பேசாமல் வந்தவன்
லபக் விளக்குகள் தெரிந்ததும் சொன்னான்:
"அரைத் தாளம் நிறுத்தினான், கவனிச்சியா?"
மறுநாள் முதல் பையனின் முடிவைத்தான் பாடினான்,
சாகும்வரை.

நேற்று வங்கி வரிசையில்
எனக்கு முன்னால் நின்றவள்
காசாளரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.
டிரக் இப்போது புல்வெட்டும் எந்திரம்.
'அவனுக்கு' என்று சொல்லி
மூச்சு இழுத்தாள்.
பணச்சீட்டைப் பிடித்திருந்த என் கை
கம்பி தேடியது.