பச்சைப் பெட்டி

பகலில் ஏறிய வெக்கை
குமாரபாளையத்துச் சுவர்களை விட்டு இன்னும் இறங்கவில்லை.
திரையின் மூலையில் மட்டும்
இரண்டு புள்ளி ஒன்று டிகிரி.
அந்தக் குளிரை நினைத்துப் பார்க்க
எனக்குத் தெரிந்தது ஐஸ் வண்டியும்
ஆஸ்பத்திரி ஏசியும்தான்.

எந்தக் கடல் என்று சொல்லமாட்டார்கள்.
வடக்கே, ரொம்ப வடக்கே, அவ்வளவுதான்.
கேமராவைக் கயிற்றில் இறக்கி
இருட்டைச் சுருட்டி அனுப்புகிறார்கள்.
தறிச்சத்தம் ஏறிவரும் இந்த இரண்டாம் மாடியில்
பதினாறு பேர் அதைப் பிரித்துப் போடுகிறோம்.
இழுதுமீனுக்கு மஞ்சள் பெட்டி.
மீன்குஞ்சுக்குப் பச்சை.
பெட்டிக்கு நாற்பது காசு.

போன மாசம் வந்தது பழைய வருசத்துப் படம்.
எங்கும் பச்சை, கீரைப்பாத்தி மாதிரி.
இந்த மாசம்
ஈரோட்டுக் களத்தில் காயப்போட்டதுபோல்
ஒரே மஞ்சள்.
ஒரு சட்டகத்தில் அறுபத்தெட்டு எண்ணினேன்,
பச்சை ஒன்றுகூட இல்லை.
"நல்ல வரும்படி அம்மிணி" என்றார் சூப்பர்வைசர் ஜெயச்சந்திரன்.
எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை.
இழுது பெருகப் பெருக
என் கணக்கில் காசு ஏறுகிறது.

குறிப்புத் தாளின் இரண்டாம் பக்கம்:
இழுது குஞ்சையும் தின்னும்,
குஞ்சு தின்ன வேண்டிய
கண்ணுக்குத் தெரியாத பூச்சியையும் தின்னும்.
மூன்றாம் பக்கம்:
சில குஞ்சுகள் அதன் அடியில்தான் வளரும்.
இரண்டு பக்கத்துக்கும் நடுவே
ஒரு ஸ்டேப்ளர் முள்.

பக்கத்து நாற்காலி டெல்பின் தங்கச்சிமடத்துக்காரி.
அவளுக்கு இழுது இல்லை, சொறி.
வலையில் ஏறினால் சோப்புக் குழைந்த பாரம்,
பட்ட இடம் மூன்று நாள் எரியும்.
"ஆனா அதுக்கு அடியிலதான்டி
பாரைக்குஞ்சு ஒளிஞ்சு நிக்கும்" என்கிறாள்,
பொரியை வாயில் போட்டுக்கொண்டே.

நேற்றிரவு எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது.
குடை அண்டா அகலம்.
கீழே, பாவு அறுந்து தொங்குகிற தறி.
நூலுக்கு நடுவே
அரைவிரல் நீளத்தில் ஒரு குஞ்சு,
உடம்பைவிடக் கண் பெரிசு.
குடை சுருங்கினால் இதுவும் ஒடுங்கும்,
விரிந்தால் ஒரு நூல் தள்ளி நிற்கும்,
படாமல்.

படிவம் கேட்கிறது, உறவு?
இரையா, அடைக்கலமா.
ஒன்றைத்தான் சொடுக்க முடியும்.

எங்கள் அப்பன் தறி ஓட்டுவது
பொங்கியண்ணன் பட்டறையில்.
குடியிருக்கிற வீடும் அவருடையது,
வாடகை கேட்டதில்லை.
தம்பிக்கு டெங்கு வந்தபோது
ராத்திரியில் காரெடுத்து வந்தவரும் அவர்தான்.
முன்பணம் எண்பதாயிரம் அப்படியே நிற்கிறது
ஒன்பது வருசமாய்.
வேற பக்கம் போலாமுங்களா என்று
அம்மா ஒருதரம் கேட்டாள்.
அப்பன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இரண்டும் என்றால் எதைப் போட, என்று
மேலே எழுதிக் கேட்டேன்.
அங்கே விடுமுறையாம்.

இருநூற்றுப் பன்னிரண்டு சட்டகம் அதைத் தொடர்ந்தேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.
இருநூற்றுப் பதின்மூன்றில்
குடை தனியாகப் போகிறது.
முன்னால் ஓட்டினேன், பின்னால் ஓட்டினேன்.
குடைக்குள் மங்கலாய் ஒரு வெள்ளைப் புள்ளி,
மீனா, கண்ணாடியில் ஒட்டிய தூசியா.
டெல்பினும் குனிந்து பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்ததில் வெறும் தண்ணீர்.
அதன்மேல் ஒரு பச்சைப் பெட்டி போட்டேன்,
அரைவிரல் நீளம்.

காலையில் பிழைப்பட்டியல் வந்தது.
சௌந்தரவல்லி, ஒன்று.
நாற்பது காசு பிடித்தம்.