வெற்று எடை

சந்தூர் சாலை எடைமேடையில்
வண்டி ஏறினால் நான் முதலில் கேட்பது
வெற்று எடை எவ்வளவு என்றுதான்.
நேற்று ராத்திரி கேட்க மறந்தேன்.

பழைய டிஸ்க் ஐந்நூறு ஜிபி.
ஆறு சீசன் மாங்காய்க் கணக்கு,
லாரி நம்பர் படங்கள்,
பாதிகூட நிறையவில்லை.
புதுசு ஆயிரம்.
எல்லாவற்றையும் மீட்டு ஏற்றிவிட்டு
காலையில் முதல் பில் அடித்தால்
சிவப்புக் கோடு: இடமில்லை.

கேட்டுக்கு வெளியே பதினோரு லாரி.
பெங்களூரா வெயிலில் வேகிறது.
மாதேஸ் இறங்கிவந்து ஜன்னலில் எட்டிப்பார்க்கிறார்:
"புது வண்டிதானே, அதுக்குள்ள ஓவர்லோடா?"

குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தேன். நாலு எம்பி.

அப்புறம் கோப்புறைகளை
ஒவ்வொன்றாய் மேடையேற்றினேன்.
மே 2, மே 3, மே 4...
இருபத்துமூன்று ராத்திரி.
தலைக்கு நாற்பது ஜிபி.

பழைய பெட்டி
ராத்திரிதோறும் நகல் எடுக்கவே இல்லை.
மாறாத கோப்பைப் பார்த்து
"அதோ, அங்கேயே கிடக்கு" என்று
விரல் நீட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறது.
நான்தான் நீட்டிய விரலையெல்லாம்
பழமென்று அள்ளிப்போட்டிருக்கிறேன்.

கடைசி ராத்திரி போதும்.
அழிக்குமுன் சும்மா ஒப்பிட்டேன்.

மே 16: மாதேஸ் வண்டி, 8,340 கிலோ.
மே 17: அதே பில் நம்பர், அதே லாரி,
7,940.

இருபதை அழித்தேன்.
மூன்றை வைத்தேன்.
கோடு நீலமானது.

"ஏத்துங்க" என்றேன்
திரையைப் பார்த்தபடி.
அவர் ஏற்றினார்.
எண் நடுங்கி நடுங்கி
நின்றது.