எத்தனை மில்லி?

டாக்டர் கோ கேட்டார்:
ஒரு நாளைக்கு எத்தனை மில்லி குடிக்கிறது?
எனக்கு எங்கே தெரியும்.
கிண்ணம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது,
கச்சாங் அதைத் தாண்டிப் போகிறான்
கடன்காரன் வீட்டைத் தாண்டுவது போல.

மூன்று நாளாய் மணல் தட்டில்
உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான்.
ஒரு சொட்டு. அதிலும் ரத்தம்.
திரையில் அவன் மூத்திரப்பைக்குள்
யாரோ கல்லுப்பை நுணுக்கிப் போட்டிருந்தார்கள்.
பாலைவனத்துப் பரம்பரை, என்றார் டாக்டர்,
தாகம் இவற்றுக்குத் தாமதமாய்த்தான் உறைக்கும்.
நிற்கிற நீரைச் சில பூனை நம்பாது.
ஓடவிட்டுப் பாருங்கள்.

பில் நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
நீரூற்று முப்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
பூ மாதிரி ஒரு மூடி, கரி வடிகட்டி,
கட்டைவிரல் பருமனில் மோட்டார்.
இளமாறன் தாளைப் படித்துப் படித்துப் பூட்டினார்
அணை கட்டுகிற முகத்தோடு.

கச்சாங் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.
ஊற்று மூலையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு ருகாயா மக்சிக் வந்து பார்த்தார்.
புளோக்கின் கீழே ஐந்து பூனைக்குச் சோறு வைக்கிறவர்.
சோற்றுத் தட்டுப் பக்கத்தில் வைக்காதே,
பழைய கிண்ணத்தை எடுத்துவிடாதே,
மீன் வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் தனியாக வை,
மோட்டாரில் ஊற்றித் தொலைக்காதே.
எல்லாம் செய்தோம்.
அவன் குளியலறைத் தரையில் தேங்கியதை நக்கினான்.
என் ஈரச் செருப்பை நக்கினான்.

நான் பஸ் ஓட்டுகிறவள்.
ஐம்பத்தெட்டு நிறுத்தம், ஒரு மணி நாற்பது நிமிடம்,
மழையென்றால் இரண்டு.
நடுவில் இறங்க முடியாது.
அதனால் குடிப்பதில்லை.
விடிகாலை நாலரைக்குக் கோப்பி, அதுவும் பாதி.
தண்ணீர்ப் புட்டி இருக்கைக்குப் பின்னால்
முழுசாய்ப் போய் முழுசாய்த் திரும்பும்,
அட்டையைத் தட்டாமல் ஏறிய பயணி.

போன வருஷம் எனக்கும் எரிந்தது.
மாத்திரை வாங்கினேன், வீட்டில்கூடச் சொல்லவில்லை.
எந்த டாக்டரும் எத்தனை மில்லி என்று கேட்கவில்லை.
கேட்டாரோ என்னவோ,
நான்தான் "நிறைய" என்றேனோ.

ஐந்தாம் இரவு, சமையலறையில்
சளக், சளக்.
விளக்கைப் போடவில்லை.
ஊற்றின் நீலப் பொட்டு வெளிச்சம் போதும்.
முதலில் முன்னங்காலை விட்டுப் பார்த்தான்,
உதறினான், அடுப்புவரை தெறித்தது.
பிறகு தலையை நீட்ட, நெற்றியில் விழுந்து
மூக்கில் வழிந்ததைக் குடித்தான்.
குடிக்கிற அழகைப் பார்.
நான் மூச்சு விடவில்லை.
எண்ணினேன்: முப்பத்தேழு நக்கல்.
நக்கலுக்குச் சொல்லவில்லை, முப்பத்தேழு.

ஜன்னலுக்கு வெளியே, உட்லண்ட்ஸ் கூரைகள் தாண்டி,
பாலத்து விளக்குகள்.
அந்தப் பாலத்தோரம்
ஜொகூர்த் தண்ணீர் குழாய்க்குள் வந்துகொண்டிருந்தது
யார் விழித்திருக்கிறார்கள் என்று பாராமல்.

காலையில் பேனாக் கோட்டுக்குக் கீழே
அரை விரல் இறங்கியிருந்தது.
இளமாறன் நாட்காட்டியில் 120 என்று எழுதினார்.
பாதி ஆவியாகியிருக்கும், என்றேன்.
எழுதியதை அவர் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் புட்டியை எடுத்தால்
அதிலும் ஒரு கோடு, அதே பேனா.
நான் என்ன பூனையா?
மாலையில் கேட்கவேண்டும் என்று நினைத்து
கேட்கவில்லை.
அன்று நீர் கோட்டுக்கு மேலேயே இருந்தது.
செவ்வாயும்.
புதன் முப்பதாம் நிறுத்தச் சிவப்பு விளக்கில்
இரண்டு வாய்.
நாற்பத்தாறில் தவிப்பு தொடங்கியது,
முடிவிடத்தில் கதவைத் திறந்ததும் ஓடினேன்
பயணிகளுக்கு முன்னால், தொப்பியோடு.

ஞாயிறு ஊற்றைக் கழற்றிக் கழுவுவது என் முறை.
மோட்டாரில் சிக்கிய முடியைப்
பழைய பல் தூரிகையால் எடுக்கிறேன்.
கச்சாங் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
குழாயைப் பார்க்கிறான்,
திறந்துவிடேன் என்பது போல.