மூன்றாவது கம்பி

லிலோ சந்தையில் திரைச்சீலைக் குழாய் வாங்கினேன்,
இரண்டரை மீட்டர்.
முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையும்
பின்கண்ணாடியருகே வாலுமாகப் படுத்து வந்தது.
நாய் குறுக்கே ஓடியது.
பிரேக்குக்கு முன்னால் சறுக்கிய குழாய்
கிளம்பியதும் பின்னால் போயிற்று.
ஒரு ஜன்னலை மூட வாங்கியது
இன்னொரு ஜன்னலைத் திறந்துவிட்டது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை.
மூட்டை அவிழ்ந்து கல்கண்டு கொட்டினாற்போல.

பத்து நாள் பாலித்தீன் தாளோடு ஓட்டினேன்.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது
பின்னிருக்கையில் யாரோ
செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே வருவார்கள்.

ருஸ்தாவியில் உருக்காலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால்
கோச்சாவின் கொட்டகை.
சுற்றிவந்து பார்த்தார்,
காரை அல்ல, என்னை.
"குழாயா?"
"குழாய்."
"போன வாரம் ஒருத்தர் ஏணி."
அதுதான் ஆறுதல்.
புதுசு நானூறு, கழற்றியது நூற்றைம்பது.
எது என்று அவர் கேட்கவில்லை.

பழைய பசையை முழுக்கச் சுரண்டவில்லை,
மெல்லிய தோல்போல விட்டுவைத்தார்.
புதுப் பசை பழைய பசையைத்தான் நம்புமாம்,
தகரத்தை நம்பாதாம்.
துப்பாக்கியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு
கை நடுங்காமல், மூலைகளில் நிற்காமல்,
தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.
"மக்வாலா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.
அவர் மனைவி மாவுக் கையைத் துடைத்தபடி வந்து
ஒரு உறிஞ்சுப் பிடியைப் பற்றினாள்.
ஒன்று, இரண்டு என்று யாரும் எண்ணவில்லை.
கண்ணாடி எழுந்தது, நடந்தது, சாய்ந்தது, உட்கார்ந்தது.
மூன்று பேரும் அப்புறம்தான் மூச்சுவிட்டோம்.
அவள் மாவுக்குத் திரும்பிப் போனாள்.

"இன்றைக்குக் கதவை அறையாதே.
பக்கக் கண்ணாடி ஒரு விரல் இறங்கியே இருக்கட்டும்.
அடைபட்ட காற்று பின்னால்தான் உதைக்கும்."
அன்று வீட்டுக் கதவையும்
மெதுவாகத்தான் சாத்தினேன்.

நான்காம் நாள் காலை, பனி.
பின்கண்ணாடி முழுக்க வெள்ளை.
அந்த வெள்ளையில், எப்போதோ துடைத்த பெயின்டின் நிழலாக,
தலைகீழாய் நடக்கும் எறும்புகள்போல எதுவோ.
திரும்பிப் பார்த்தால் புரியவில்லை.
முன்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தேன்.
எண்கள்.
விற்பனைக்கு என்று யாரோ எழுதிய ஃபோன் நம்பர்.

ஹீட்டரைப் போட்டேன்.
கோடு கோடாகத் தெளிந்தது சாலை.
மேலிருந்து மூன்றாவது கோடு மட்டும் தெளியவில்லை.
நம்பர் அதன்மேல்தான் இருந்தது.

ஷிஃப்டுக்கு இன்னும் இருபது நிமிடம்.
ஏன் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

"அந்த வண்டியா? அது இல்லையே இப்போ" என்றது ஆண்குரல்.
ஸெஸ்டபோனி, பெயர் தெமூரி.
வண்டி வேண்டாம், கண்ணாடி என்னிடம் இருக்கிறது என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"முன்பக்கம்தான் போச்சு" என்றார்.
"பின்னால ஒரு கீறல்கூட இல்ல."
தொழில் பழக்கம், கேட்டுவிட்டேன்:
"யாருக்கு, எங்கே?"
"மச்சானுக்கு. இடுப்பு.
இப்போ நடக்கிறான்.
மாடிப்படிதான் ஆகல."

வைக்கப் போனேன்.
"ஒரு நிமிஷம், மூணாவது கம்பி..."
"ஆமாம்" என்றேன், "வேலை செய்யவில்லை."
"அது எப்பவும் செய்யாது.
சாமான் ஏத்தறப்ப நான்தான் கீறிட்டேன்.
குனியாதீங்க,
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாப் போதும்,
அதுக்கு மேல பார்க்கலாம்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பின்னால் ஒரு பால் லாரி,
அதன் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு.

குழாய் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது.
மாட்ட நேரமில்லை.