பூச்சியத்துக்குத் தனி வரிசை

வேலை நேரத்தில் எத்தனை தம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள்?
பதினோராம் கேள்வி.
சம்பளத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில்
பேருக்குக் கிடந்தது.

கோத்தகிரிக்குக் கீழே, முதல் மூன்று டிவிஷன்,
தொண்ணூற்றாறு பேர்.
எடைக்கொட்டகை வாசலில்
அட்டையைத் தொடையில் வைத்துக் கோடு போட்டேன்.
நாலு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும்,
விறகுக்கட்டுக்குக் கயிறு போட்ட மாதிரி.
மஞ்சு இறங்கி பேனா மக்கர் செய்த அன்று பென்சில்.
பையில் தண்ணீர் பாட்டில், சீல் உடைக்கவில்லை.

ராத்திரி லாட்ஜில் கட்டுகளை எண்ணினேன்.
படிவத்தில் அச்சடித்திருந்த பிரிவுகள்:
பூச்சியம் முதல் இரண்டு வரை, ஐம்பத்தேழு.
மூன்று முதல் ஐந்து, முப்பத்துமூன்று.
ஆறு முதல் எட்டு, ஆறு.
கூட்டினால் சரியாக வந்தது.
சராசரி இரண்டு தம்ளர்.
"குளிர் ஊரு, தாகம் எடுக்காதுல்ல"
என்றார் போனில் ஞானசிகாமணி சார்.
அதையே ஒரு வரியாக எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

அப்புறம் தூக்கம் வரவில்லை.
இரண்டு தம்ளர் குடிக்கிற அந்தச் சராசரி ஆளைத்
தாள்களுக்குள் தேடினேன்.
ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

பிரிவை உடைத்தேன். ஓர் எண்ணுக்கு ஒரு வரிசை.
இரண்டு: ஒன்பது.
ஒன்று: பதினான்கு.
பூச்சியம்:
ஆறு கட்டு, மேலே நாலு கோடு.
இவ்வளவு நேரமும் மூன்று எண்களும்
ஒரே கம்பளிக்குள் படுத்துக் கிடந்திருக்கின்றன.

பெண்களைத் தனியாக வரைந்தேன், ஆண்களைத் தனியாக.
அதிகம் பேர் நிற்கிற இடத்தை
எங்கள் பாடத்தில் முகடு என்போம்;
இந்த ஊரில் ஜன்னலைத் திறந்தாலே முகடுதான்.
ஆண்களுடையது நாலில், இருபக்கமும் சரிவோடு,
பார்த்துப் பழகிய மலை.
பெண்களுடையது பூச்சியத்தில்.
முப்பத்துமூன்று பேர்,
அச்சுக்கோட்டை ஒட்டி எழுந்த பாறை.
இடப்பக்கம் இறங்க வழியே இல்லை.

(மிச்சம் ஒருவர் ஃபாக்டரி வாட்ச்மேன் பெள்ளி.
"தண்ணி எதுக்கு, டீ இருக்கே" என்றவர்.)

நாலு தம்ளர் குடிக்கிற பெண்களும் இரண்டு பேர்.
பிழையோ என்று தாளைப் புரட்டினேன்.
ஒருத்தி பிள்ளைக் காப்பகத்தில் ஆயா,
ஒருத்தி ஆபீஸ் கூட்டுபவள்.
இரண்டு இடத்திலும்
தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு உண்டு.

அப்போதுதான் ஓரத்தில் கிறுக்கியிருந்ததைப் படித்தேன்.
யோகராணி சொன்னது, என் கையெழுத்தில்:
"ஏழாம் நம்பர் காட்டுல கவாத்து முடிஞ்சு
செடியெல்லாம் முட்டி உசரம்.
எங்க போயி ஒக்கார்றது?
பல்லு வெளக்குறப்ப வாயில பட்டதோட சரி."
எழுதத் தெரிந்த எனக்கு
அன்று கோடு போடத்தான் தோன்றியிருக்கிறது.

குளிர் என்ற வரியை அடித்தேன்.
சோப்பு டப்பா விளிம்பை வைத்துப்
பட்டியலின் தலையில் ஒரு வரிசை கூட்டினேன்.
படம் எடுத்து அனுப்பியதற்கு
சாரிடமிருந்து ஒரே வரி:
பிரிவு இடைவெளி படிவப்படி இல்லையே.

பாட்டில் மேசைமேல் நிற்கிறது.
தொண்ணூற்றேழாவது கோடு போட விதியில்லை.
விடிந்தால் நாலாம் டிவிஷன்,
ஆறே காலுக்கு ஜீப்.