நான்கு மணி நேரப் பிழை

ருஸ்தாவியில் அந்தக் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும். இருபது தெத்ரி.
இறங்குவது இலவசம்.
எட்டாம் மாடியில் கதவைத் திறக்கும்போதே
நானுலி சொன்னாள்:
"என் பாதியை அழித்துவிட்டான்."

அடுப்படியிலிருந்து மால்ஹாஸ்:
"தொட்டிருந்தால் என் கை அழுகட்டும்."

விவாகரத்து ஆகிப் பதினான்கு மாதம்.
வீட்டை விற்றால் வரும் பணத்தில்
ஒருவருக்கும் ஒரு வீடு வராது.
ஆகவே அறை நடுவே ஓர் அலமாரி,
குளிர்பெட்டியில் ஆளுக்கு இரண்டு தட்டு,
கணினி வட்டிலும் ஒரு கோடு.
அந்தப் பக்கம் விண்டோஸ், அவனுடைய மினிபஸ் கணக்கு.
இந்தப் பக்கம் லினக்ஸ், அச்சகத்துக்கு அவள் வரையும்
மருந்துப் பெட்டி அட்டைகள்.
இடையில் பொதுவாய் ஒரு துண்டு:
மகளின் படங்கள், மின்கட்டண ரசீது.

செவ்வாய் இரவு விண்டோஸ்
தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
புதன் காலை,
எதில் நுழைய என்று கேட்கும் கறுப்புத் திரை
வரவேயில்லை.
நேரே அவன் வாசல்.

பென்டிரைவைச் செருகினேன்.
இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே விதி:
பக்கத்தில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது
எதையும் ஃபார்மட் செய்யாதே.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நான்காவது அவளுடையது.
நூற்றிருபது ஜிபி, ஒரு பைட் குறையாமல்.
"இருக்கிறது" என்றேன்.
யாரும் அழிக்கவில்லை.
விண்டோஸ் வரிசையில் முன்னால் வந்து நின்றுகொண்டது,
ரொட்டிக் கடையில் சிலர் நிற்பார்களே,
பின்னால் ஆள் இருப்பதே தெரியாத முதுகோடு,
அப்படி.

வரிசையை மாற்ற ஒரு கட்டளை போதும்.
கறுப்புத் திரை திரும்பியது.
நானுலி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் அடுத்த புகார்.
பொதுத் துண்டைத் திறக்கலாம், படிக்கலாம்,
ஓர் எழுத்து எழுத முடியவில்லை.
"தினமும் அணைத்துவிட்டுத்தான் போகிறேன்" என்றான் மால்ஹாஸ்.
அவன் அணைக்கிறான். அது அணைவதில்லை.
நாளை சீக்கிரம் எழ வேண்டுமென்று
சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டு
கண்ணை மட்டும் மூடிக் கிடக்கிறது.
தூங்குகிறவனை எழுப்பிவிடலாம்,
இது மற்ற ரகம்.
புதுப்பிப்பு போகிற போக்கில் முடுக்கிவிட்ட பழக்கம்.
ஒரு குறியை நீக்கினேன்.
"இவனும் இப்படித்தான் படுத்திருப்பான்" என்றாள்.
அவன் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.

பிறகு குரலை இறக்கி, எனக்கு மட்டும்:
"ராத்திரி மூன்று மணிக்கு
இதில் என்ன செய்கிறான்?"
காட்டினாள். படங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கோப்புகள்.
03:12.
மறுநாள் 03:09.
அதற்கும் மறுநாள் 03:15.
மூன்று வாரமாய் அலமாரிக்கு இந்தப் பக்கம்
காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

தாய்ப்பலகையில் ஒரு கடிகாரம் உண்டு,
காசளவு பேட்டரியில் ஓடுவது.
இரவு அவள் மூடும்போது லினக்ஸ் அதில்
கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும்.
காலையில் விண்டோஸ் வந்து
அதையே ருஸ்தாவி நேரம் என்று நம்பும்.
விரல் விட்டு எண்ணினேன்.
"மூன்று இல்லை, ஏழு.
டிப்போவுக்குக் கிளம்பும் முன்.
நீங்கள் தூங்கும்போது."

கோப்பைத் திறக்கச் சொன்னேன்.
இதுவரை அவள் பார்த்தது நேரத்தை மட்டும்.

'ஏகா பேசினாள். வூட்ஜில் பனி.
இரவு ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரமாம்.
இருமல் பரவாயில்லை. ஞாயிற்றுகிழமை உன்னை அழைப்பாள்.'
எல்லாக் கோப்பிலும் இப்படி மூன்று, நான்கு வரி.

நானுலி வெகு நேரம் படித்தாள்.
பிறகு, இப்போது எழுத முடிகிறது அல்லவா,
'ஞாயிற்றுகிழமை'யில் விட்டுப்போன
ஒரு க்-ஐச் சேர்த்தாள்.
சேமித்தாள்.

விண்டோஸிடம் நான்கைக் கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு
கடைசியாகக் கேட்டேன்:
யாரும் எதையும் தொடாவிட்டால்
எந்த வாசல் திறக்க வேண்டும்?
கெண்டி மட்டும் சீறியது.
காத்திருக்கட்டும் என்று வைத்தேன்,
நொடிக் கணக்கில்லாமல்.

கூலியைப் பாதிப் பாதியாக எண்ணினார்கள்.
அவன் பாதியில் ஐந்து லரி குறைந்தது.
அவளே போட்டாள்.
"எழுதி வைத்துக்கொள்" என்றாள்.